பால் பொங்கவில்லை

ஜூலை 3
இன்று பருப்பு. அடியில் தார் ஊற்றிய மாதிரி கருப்பு. பள்ளி விட்டு வந்தபோது அம்மா அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "தீயிற வாசனை வரலியாம்மா?" என்றேன். "எங்கடி?" என்றாள். நிஜமாகவே தெரியவில்லை அவளுக்கு.

அப்பா வருவதற்குள் தேய்த்துவிட்டேன். கஞ்சித் தண்ணீரில் சோடா உப்பு போட்டுக் கொதிக்கவிட்டால் கருகல் ஏடு ஏடாகப் பெயர்கிறது. மிச்சத்துக்குச் சாம்பலும் தேங்காய் நாரும்.

ஜூலை 4
கை எரிகிறது.

ஜூலை 8
வாணலியை மறைக்க முடியவில்லை. "உங்கம்மா சமைக்கிறாளா, கரி சுடுறாளா?" என்று அப்பா சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "ஒருநாள் வீடே எரிஞ்சிடும். இன்னொரு தடவை நடக்கட்டும், அவளை உங்க மாமா வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன்."

அம்மா தலை நிமிரவில்லை.

மாமா வீட்டிலா? அத்தை வாயில் நல்ல வார்த்தை வந்தால் அன்றைக்கு மழைதான். அங்கே அம்மா யாரோடு பேசுவாள்?

ஜூலை 10
ஐயோ, பால் பாத்திரம். அலுமினியம். சோடா உப்பும் தீர்ந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "புளியும் கல்லுப்பும் கரைச்சு ஊத்திவைடி, பளபளன்னு ஆயிடும். கொஞ்ச நேரம் போதும்" என்றாள்.

ஊற்றி வைத்த கையோடு வாசலில் அப்பா குரல். கொல்லையில் கற்றாழைச் செடிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு ஓடிவந்தேன்.

ஜூலை 12
அப்பாவுக்குக் காய்ச்சல். வீட்டிலேயே படுத்திருக்கிறார், பின்கதவுக்கு நேராக. செம்பில் பால் காய்ச்சுகிறோம். பாத்திரம் இன்னும் புளித்தண்ணீரோடு அங்கேயே.

ஜூலை 15
அப்பா வேலைக்குப் போனார். எடுத்துக் கழுவினேன். மின்னுகிறது! உள்ளே எறும்பு கடித்த மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள். இருக்கட்டும். அம்மா தடவிப் பார்த்து, "புதுசாடி?" என்று சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று அவள் சிரித்து.

ஜூலை 16
என்னாலதான். எல்லாம் என்னாலதான்.

சாயங்காலம் அம்மா அந்தப் பாத்திரத்துல பால் வச்சா. நகரவே இல்ல. கையைக் கட்டிக்கிட்டுப் பாலையே பாத்துட்டு நின்னா, நான் கூடத்துலேர்ந்து பாத்துட்டுத்தான் வாசல் பெருக்கப் போனேன். அப்பா உள்ளே வந்ததும் கத்தினார் — வீடெல்லாம் கேஸ் வாசனை. அடுப்பு அணைஞ்சிருக்கு, சுத்திலும் பால்.

"கண் முன்னாடி பொங்கி அணைஞ்சிருக்கு, நின்னு வேடிக்கை பாக்கறே!"

"பொங்கலைங்க. பொங்கவே இல்ல."

யார் நம்புவா? நான் பாத்திரத்தைத் தூக்கினேன். அடியிலேர்ந்து சொட்டு சொட்டா... அந்தப் புள்ளிதான். புளி அரிச்சிருக்கு. சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னா, இதுவரைக்கும் தேச்சதெல்லாம் வெளியே வருமே? பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கற்றாழைக்குப் பின்னாலயே வச்சுட்டேன்.

ஜூலை 18
மாமா வந்து அம்மாவைக் கூட்டிப்போனார். செருப்பு மாட்டும்போது அம்மா என் காதோரம் கேட்டாள்: "பொங்கலைதானேடி?"

தலையை மட்டும் ஆட்டினேன். தலையை மட்டும்.

ஜூலை 19
தேய்க்க ஒன்றுமில்லை.

ஜூலை 25
அப்பா சோற்றைக் கருகவிட்டார். போனில் பேசிக்கொண்டிருந்தார். "அட, மறந்தே போச்சு" என்று சிரித்தார். அவ்வளவுதான். "தேச்சு வச்சிடும்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

இவரை எந்த மாமா வீட்டில் கொண்டுபோய் விடுவது?

நான் தேய்க்கவில்லை. கரிப் பாத்திரத்தை அப்படியே மேடையில் வைத்தேன். பக்கத்தில் பால் பாத்திரம், நிறையத் தண்ணீரோடு. சொட்டுகிற சத்தம் இங்கே வரை கேட்கிறது. காலையில் என்ன ஆகும்? போய் எடுத்துவிடலாமா? போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

ஜூலை 26
எழுந்துபோனபோது அப்பா ஈரத்தரையில் நின்றுகொண்டு, காலியான பாத்திரத்தைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். புள்ளி புள்ளியாக வெளிச்சம் அவர் முகத்தில்.

"இது எப்படி?"

சொன்னேன். பருப்பிலிருந்து எல்லாமும். அம்மாவுக்கு வாசனையே தெரிவதில்லை என்பதையும். அடிப்பார் என்று நினைத்தேன். என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"பொங்கவே இல்லைன்னாளே" என்றார், பாத்திரத்திடம் சொல்வதுபோல.

பிறகு சட்டையை மாட்டினார். "மாமா வீட்டுக்குப் போறேன். நீயும் வர்றியா?"