சாக்கின் வாயைப் பிடித்தவன்

மார்ச் 4

தம்பிக்கு,

அண்ணன் எழுதச் சொல்வது. கை தையல்காரருடையது, வாய் என்னுடையது.

என் வீட்டில் வந்து தங்க இடம் கேட்டிருக்கிறாய். பழைய பாலம் இடிந்து, நூல் மில்லைப் பூட்டி, உன் மருமகள் மாசமாக இருந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? நாம் ஒரே வீட்டில் இருந்தோம். ஐஸ் பேக்டரி வாசலிலிருந்து உன் அண்ணி ஐந்து பூனைகளைத் தூக்கி வந்திருந்தாள். ஐந்துக்கும் ரத்தத்தில் வைரஸ், வாயெல்லாம் புண். மீனை மசித்து, மாத்திரையைப் பொடித்துக் கலந்து, மடியில் வைத்து ஊட்டுவாள்.

"எனக்கு ஒருநாள் இப்படி ஊட்டியிருப்பியா?" என்பேன்.

"உங்களுக்குப் புண்ணு வாயில இல்ல, வார்த்தையில" என்பாள்.

அண்ணி ஆஸ்பத்திரியில் படுத்த வாரம், உன் மருமகள் பயப்படுகிறாளே என்று, பூனை நோய் நமக்கு ஒட்டுமா என மிருக டாக்டரிடம் கேட்டனுப்பினேன். அவர் சீட்டு எழுதி அனுப்பினார். எழுத்து தெரியாதவன், உன்னிடம் நீட்டினேன். நீ என்ன வாசித்தாய்? அதை எழுது. பிறகு இடத்தைப் பற்றிப் பேசலாம்.

அண்ணன்

மார்ச் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பியின் வணக்கம். மனுசருக்கும் ஒட்டும் என்று பொய்யாக வாசித்தேன். மருமகள் பூனை ஆகாது என்று பிடிவாதம் பிடித்தாள். தப்புதான். ஒன்பது வருஷத்துக்குப் பிறகுமா அதைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்?

எனக்கு இப்போது ஈரலில் வைரஸ். அதே மருமகள் என் தட்டில் நகச்சாயத்தால் கோடு போட்டு, மாடிப்படிக்குக் கீழே படுக்க வைத்திருக்கிறாள். "தாத்தா, கிட்ட வராதீங்க, அம்மா திட்டும்" என்கிறான் பேரன். கூட இருந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று டாக்டர் எழுதிய சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அண்ணியின் கட்டில் சும்மாதானே கிடக்கிறது?

உங்கள் தம்பி

மார்ச் 22

தம்பிக்கு,

சீட்டு வந்தது. தையல்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஒட்டாதுன்னுதான் எழுதியிருக்கு பெரியவரே" என்றார்.

"என் தம்பி வாசிக்கிற மாதிரி வாசிங்க" என்றேன்.

சீட்டை மடித்து வைத்தார். "ஒட்டும்" என்றார்.

அதனால் இந்தப் பக்கம் வராதே.

அன்றைக்கு ஐந்தையும் சாக்கில் போட்டது நீ. சாக்கின் வாயைப் பிடித்தது நான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு வந்து நீ கை கழுவினாய், சோப்புப் போட்டு, இரண்டு தரம். அண்ணி வீடு திரும்பி ஐந்து பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு அந்த மிருக டாக்டர் சீட்டை எடுத்து எனக்குச் சரியாக வாசித்துக் காட்டினாள். அதற்கப்புறம் என்னோடு ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்தாள்.

அவள் போன பத்தொன்பதாம் நாள், அந்த ஐந்தில் ஒருத்தி மட்டும் நொண்டிக்கொண்டு வந்தாள். அண்ணி விட்ட இடத்திலிருந்து நான் ஊட்டுகிறேன். அதே மீன், அதே மாத்திரை, மடி மட்டும் வேறு.

கட்டில் சும்மா கிடக்கவில்லை. அண்ணி போனாள். நாலு பேர் போனார்கள். உன்னையும் என்னையும் நான் ஆளாகச் சேர்ப்பதில்லை. அந்தக் கட்டிலில் படுத்திருப்பது, நாம் இருந்த அந்த வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே ஆள், நொண்டி வந்த சிடுமூஞ்சி.