ஐந்தேகால் மீட்டர்

கபேஸ்,
வியாழக்கிழமை

அன்பு மகன் வஜ்திக்கு,

இறைவனின் அமைதி உன்மீதும் நீ ஏறும் ஏணிமீதும் இருக்கட்டும். நானும் உன் தங்கை சிரீனும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இரண்டு நாளாக ஒரு கணக்கு என்னைத் தூங்க விடவில்லை. சிரீனுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியாயிற்று, வீங்கிய கன்னத்தோடு வேலைக்குப் போகிறாள், சொன்னால் கேட்பதில்லை. அவளும் உன் தங்கைதானே.

போன வாரம் போனில் நீ சொன்னதைக் கேட்டு முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இப்போ கோபுர வேலை இல்ல யம்மா, கிடங்குக் கூரைதான், அஞ்சே மீட்டர், விழுந்தாக்கூட தூசி தட்டிட்டு எழுந்துடலாம் என்று சிரித்தாய். வரும் ஞாயிற்றுக்கிழமை உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு மறுபயிற்சி வகுப்பு, ஏழு வருஷமா ஏறுறவனுக்கு பெல்ட் மாட்டச் சொல்லித் தர்றாங்களாம், நான் போகல, பேர் கூப்பிட்டா கூட வேலை பாக்குற நம்ம நவ்ஃபல் எனக்கும் சேர்த்துக் குரல் கொடுத்துடுவான் என்றும் சொன்னாய். முப்பத்திரண்டு வருடம் வருகைப் பதிவேடு எடுத்தவளிடம் இதைச் சொல்லத் துணிந்தாயே.

உன் அறைத்தோழன் லாசத் ஓமானிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறான் அல்லவா, செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய தேயிலையைக் கொடுக்க வீட்டுக்கு வந்தான். அஞ்சு மீட்டர்தானாமே என்று சந்தோஷமாகக் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. அஞ்சு மீட்டர்தான் டீச்சர் பயம், மேல மாட்ட இடமில்லன்னு உங்க பிள்ளை கால்கிட்ட உத்தரத்துலயே கொக்கிய மாட்டுறான் என்றான். எனக்குப் புரியவில்லை. துணிக்கொடியை அவிழ்த்து அளந்து காட்டினான், நான் கணக்குப் போட்டேன். கொக்கியையும் உன் பெல்ட்டையும் இணைக்கும் கயிறு இரண்டு மீட்டர். அதிர்ச்சியைத் தாங்குவதற்காகக் கயிற்றோடு சேர்ந்த சிறு பையிலுள்ள தையல் பிரியுமாம், அதனால் ஒன்றேமுக்கால் மீட்டர் வரை கூடுதலாக நீளும். பெல்ட்டின் முதுகு வளையத்திலிருந்து உன் பாதம் வரை ஒன்றரை. கூட்டிப் பார் மகனே, ஐந்தேகால். உன் உத்தரமோ தரையிலிருந்து ஐந்துதான். கயிறு பிடிக்கும் டீச்சர், ஆனா தரை பிடிச்ச பிறகு என்றான் லாசத். மறுபடி மறுபடி கூட்டினேன். எங்காவது ஒரு தவறு கிடைக்காதா என்று ஏங்கினேன், கிடைக்கவில்லை.

வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் சுலபமான கணக்கில் தவறுவார்கள், கேள்வியை முழுதாகப் படிக்க மாட்டார்கள். முப்பது மீட்டர் கோபுரத்தில் சரியாக இருந்த உன் விடை, கிடங்கில் தவறு. தாழ்வான இடத்துக்கு வேற கயிறு உண்டு, மேல மாட்டக் கம்பி கட்டித் தருவாங்க, அந்த வகுப்புலதான் எனக்கே தெரிஞ்சுது, கேட்டாத் தருவாங்க, கேக்கத்தான் ஆள் இல்ல என்கிறான் லாசத்.

போனில் சொன்னால் சரி யம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் இதை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை ஓமான் வந்து சேருவான், அவன் எதிரிலேயே படி. இறைவன் உன்னை முழுதாக என்னிடம் திருப்பித் தரட்டும். பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு போகாதே.

இன்னொன்று. நேற்று நவ்ஃபலை அழைத்துப் பேசினேன், அவனும் என்னிடம் கணக்குப் படித்தவன்தானே. சின்ன உதவிதானே டீச்சர் என்று மழுப்பினான். அந்த மூன்று எண்களையும் அவனையே கூட்டச் சொன்னேன். முணுமுணுத்துக் கூட்டினான், ஐந்தேகால் என்றான். பிறகு, நான் வாயத் திறக்க மாட்டேன் டீச்சர் என்றான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை உன் பெயரைக் கூப்பிடும்போது, பதில் சொல்ல உன்னைத் தவிர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

உன் தாய்,
ஸகியா