ஐந்து பேர் உட்காரும் வண்டி

நல்லம்பள்ளி,
21.09.2025, ஞாயிறு.

அன்புள்ள நவநீதனுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் கலைமதியும் பிள்ளைகளும் ஆக்லாந்து குளிரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். அம்மாவைப் பற்றி இந்தக் கடிதத்திலேயே பின்னால் எழுதுகிறேன்.

ஃபோனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நான் ஃபோனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், பேத்தியின் படம் ஏதாவது வந்திருக்கிறதா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என் ஃபோனைத் திறந்து பார்க்கிறாள். அதனால் கையால் எழுதி, பஸ் நிறுத்தத்தில் இருக்கும் மாதுவின் கடையில் ஸ்கேன் எடுத்து உன் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்கிறேன். மாது படிக்கமாட்டான். என் கையெழுத்து அவனுக்குப் புரியாது. முப்பத்தொரு வருடம் பத்திரிகை ஆபீசில் எல்லாரிடமும் திட்டு வாங்கிய கையெழுத்து அது.

முதலில் நீ பார்க்கச் சொன்ன வண்டி.

வண்டி தருமபுரியில் உசேன் பாயுடையது. செருப்புக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். 2014 மாடல், டீசல், ஐந்து பேர் உட்காரலாம். நீ ‘கிராஸ்ஓவர்’ என்று சொன்னதன் அர்த்தம் நேரில் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பெரிய ஜீப்பைப் போல ஏணி வைத்து ஏறவும் வேண்டியதில்லை, சின்னக் காரைப் போலக் குனிந்து விழவும் வேண்டியதில்லை. நான் இஞ்சு டேப் கொண்டுபோயிருந்தேன். தரையிலிருந்து பின்சீட் இருபத்தைந்து அங்குலம். நாம் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு வாடகைக்கு எடுக்கும் டிரைவர் ஆண்டியின் கார் பத்தொன்பது. அந்த ஆறு அங்குலத்தில்தான் அம்மாவின் இடுப்பு ஒவ்வொரு தடவையும் பாடுபடுகிறது. இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை, போக வர இருநூற்று எழுபது கிலோமீட்டர் என்று ஏழு தடவை அந்தக் காரில் போய் வந்துவிட்டாள்.

நான் ஓட்டத் தெரியாதவன் என்பதால் மெக்கானிக் குப்புராஜைக் கூடவே கூட்டிப்போனேன். நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று பாயிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும் என்று குப்புராஜ் சொல்லியிருந்தான். பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை.

அவன் சொன்னதை அப்படியே குறித்துவந்தேன். ஓடியிருப்பது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ என்று கேட்டேன். பிரேக் மிதியின் ரப்பரைக் காட்டி, இது தேய்ந்திருக்கும் அளவும் மீட்டரும் ஒத்துப்போகிறது என்றான். பானெட் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் இல்லை, அதனால் முன்பக்கம் இடிபட்ட வண்டி இல்லை. இடது பின்கதவு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்தது. கடை ஷட்டர் தூணில் உரசியதாக நாங்கள் கேட்கும் முன்பே பாய் சொல்லிவிட்டார். முன் சஸ்பென்ஷனில் ‘புஷ்’ என்கிற ரப்பர் வளையம் போயிருக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் சத்தம் வருகிறது. கிளட்ச் கொஞ்சம் கனம். டைமிங் பெல்ட் உடனே மாற்ற வேண்டும். பின் டயர் இரண்டும் 2018-இல் செய்தவை. பார்ப்பதற்கு மேல்பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் செத்துவிட்டது என்றான். சர்வீஸ் பில் 2022 வரைதான் இருக்கிறது, அதற்குப் பின் இல்லை.

ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தேன். பாய் இரண்டாவது உரிமையாளர். பேங்க் கடன் அடைந்த கடிதம் இருக்கிறது. பதிவு 2029 ஜூன் வரை. நாலே கால் லட்சம் சொல்கிறார், நாலுக்கு இறங்குவார். நான் கேட்ட கேள்விகளைப் பார்த்துவிட்டு குப்புராஜ், ‘சார், நீங்க வண்டி வாங்க வந்தீங்களா, வண்டிகிட்ட பேட்டி எடுக்க வந்தீங்களா?’ என்றான். ‘மந்திரிய கூட இப்படி கேட்டிருக்க மாட்டாருப்பா’ என்று பாய் சிரித்தார்.

குப்புராஜின் முடிவு: செலவு வைக்கும், ஆனால் ஏமாற்றாது. என் முடிவும் அதுதான்.

ஆனால் யாருக்காக வாங்குகிறோமோ அவள் உட்கார்ந்து பார்க்காமல் என்ன முடிவு? நேற்று சனிக்கிழமை காலை பாயே வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி அக்தர் பேகமும் வந்திருந்தார். டப்பாவில் சேமியா கொண்டுவந்திருந்தார், அம்மா இரண்டு ஸ்பூன் சாப்பிட்டாள். பின்சீட்டில் தலையணை வைத்து அம்மாவை உட்காரவைத்து, பாப்பாரப்பட்டி வரை போய்த் திரும்பினோம். வழியில் எத்தனை வேகத்தடை என்பதும் அம்மா எத்தனை தடவை மேல் கைப்பிடியைப் பிடித்தாள் என்பதும் என் நோட்டில் இருக்கிறது. ஆண்டியின் காரில் இதே தூரத்துக்குப் பதினான்கு தடவை பிடித்திருந்தாள். நேற்று மூன்று தடவை. நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, ‘ரிட்டையர் ஆயியும் இந்தாளு நோட்ட வுடல பாரு’ என்று அக்தர் பேகத்திடம் சொன்னாள். நல்ல மனநிலையில்தான் இருந்தாள். பாப்பாரப்பட்டி கடைத்தெருவில் நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, இரண்டு கிலோ பச்சை நிலக்கடலை பேரம் பேசி வாங்கினாள். பத்து ரூபாய் குறைத்தாள்.

திரும்பி வந்து வாசலில் இறங்கியதும் அவள் உள்ளே போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நான்கு கதவையும் திறக்கச் சொன்னாள். ஒவ்வொரு சீட்டையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகு விரலால் காட்டிச் சொன்னாள்: ‘ஓட்டறது நவநீதன். அவன் பக்கத்துல நீங்க. பின்னாடி நடுவுல கலைமதி, ரெண்டு பக்கமும் ரெண்டு புள்ளைங்க. சரியாப் போச்சு. வாங்கிடுங்க.’

பாய் விளையாட்டாக, ‘அப்ப அக்கா எங்க? டிக்கியிலயா?’ என்று கேட்டுவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவும் சிரித்தாள். ‘வூட்டப் பாத்துக்க ஆளு வேணாமா பாய்?’ என்றாள்.

நான் கையிலிருந்த நோட்டை மூடிவிட்டேன்.

நவநீதா, எந்தச் செய்தியிலும் முக்கியமானதை முதல் பத்தியில் எழுத வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தக் கடிதத்தில் என்னால் அது முடியவில்லை. இனி எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்க்கிழமை பெங்களூரில் பெரிய டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மருந்து இனிமேல் வேலை செய்யாது, ஈரலுக்கும் பரவிவிட்டது, ஊசி போட்டு உடம்பை வருத்த வேண்டாம், வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். தீபாவளி தாண்டுவது கடினம் என்றார். அதற்கு ஐந்து நாள் கழித்துத்தான் நீ ஃபோன் செய்து, அம்மா இனி வாடகைக் காரில் கஷ்டப்படக்கூடாது, நல்ல வண்டியாகப் பாருங்கள், பணம் அனுப்புகிறேன் என்றாய். நான் சரி என்றேன்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று நீ கேட்பாய். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து நான் எப்போதும் எந்தச் செய்தியும் கொடுத்ததில்லை. இன்னொருவர் உறுதி செய்ய வேண்டும். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு சேலத்தில் இன்னொரு டாக்டரிடம் ரிப்போர்ட்டுகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் வெளியூர் போயிருந்தார். இந்தப் புதன்கிழமைதான் பார்த்தார். அதே வார்த்தையைச் சொன்னார். இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது. ஆகஸ்டில் மாட்டுக்கொட்டகை வரை தானே நடந்துபோய் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டவள், இப்போது வாசல்படி வரைதான் வருகிறாள். அந்த இருபத்தாறு நாள் உன்னுடையது. அதை நான் எடுத்துவிட்டேன். பத்திரிகைக்காரனாக நான் செய்தது சரி. அப்பாவாகச் செய்தது தப்பு.

நேற்று அவர்கள் போனபின், அம்மாவுக்குத் தெரியுமோ என்ற சந்தேகத்தில் சும்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளே ஆரம்பித்தாள். ‘தேதி எழுதலீங்களே’ என்றாள். எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிச் சீட்டின் அடியில் அடுத்த தடவை வர வேண்டிய தேதியை எழுதித் தருவார்கள். மற்ற எதுவும் படிக்க வராவிட்டாலும் அந்த எண்களை மட்டும் அவள் பார்த்து வைத்துக்கொள்வாள். அன்றைக்குப் பால் கறக்கப் பக்கத்து வீட்டு ராமக்காளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமல்லவா? ஆகஸ்ட் 26 சீட்டில் அந்த இடம் காலியாக இருந்தது. அன்று காரில் திரும்பி வரும்போதே பார்த்துவிட்டாளாம். சீட்டை மடித்துப் பையில் வைத்தவன் நான். எனக்கு அது கண்ணில் படவில்லை. ‘ஊரு சேதியெல்லாம் முந்தி முந்தி எழுதுனீங்க. வூட்டு சேதி மட்டும் உங்களுக்கு லேட்டுதான்’ என்றாள். கோபமாக இல்லை. பொட்டலத்திலிருந்து கடலையை எடுத்து உரித்துக்கொண்டே சொன்னாள். உரித்ததை எனக்குத்தான் கொடுத்தாள்.

கடைசியாக ஒன்று சொன்னாள். உன்னிடம் சொல்லக்கூடாதாம். டிசம்பர் பதினெட்டுக்கு டிக்கெட் போட்டுவிட்டாய், பிள்ளைகளுக்கு அப்போதுதான் பள்ளி விடுமுறை, இடையில் கூப்பிட்டால் உன் வேலை கெடும், கலைமதிக்குச் சிரமம். ‘அவன் வரும்போது வரட்டும், வண்டி நிக்கட்டும்’ என்றாள். தலையில் கை வைத்துச் சத்தியம் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. அதனால்தான் மாது கடைக்குப் போகிறேன்.

டிசம்பர் வேண்டாம், நவநீதா. வண்டிக்கு என்று எடுத்துவைத்திருக்கும் பணத்தில் நால்வருக்கும் இந்த வாரமே டிக்கெட் போடு. வண்டிக்கு இங்கே என்னிடம் இருப்பது போதும். கொஞ்சம் குறைந்தாலும் பாய் பொறுத்துக்கொள்வார். வந்து நின்றதும் ஏன் வந்தாய் என்று அம்மா கேட்பாள். பதினோரு வருடப் பழைய வண்டி, அப்பாவுக்கு என்ன தெரியும், நானே பார்த்து வாங்கலாம் என்று வந்தேன் என்று சொல். நம்பமாட்டாள். ஆனாலும் அப்படியே சொல்.

நான் எழுதியதில் ஒரு குறையை மட்டும் விட்டுவிட்டேன். அந்த வண்டியில் நமக்கு ஓர் இடம் குறைகிறது. ஏழு பேர் உட்காரும் வண்டி பார்க்கட்டுமா என்று அவசரத்தில் கேட்டுவிடாதே. எனக்கு இந்த வண்டிதான் வேண்டும். வாங்கியதும் ஏரியூர்ப் பக்கம் நம் குலதெய்வக் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்ற வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நீ ஓட்டு. நான் முன்னால். பின்னால் மூன்று பேர் இடத்தில் நான்கு பேர் நெருக்கி உட்காரட்டும், சின்னவள் அவளுடைய ஆயா மடியில் இருக்கட்டும். வழியில் போலீஸ் பிடித்தால் அபராதம் நான் கட்டுகிறேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கலைமதியின் பெற்றோருக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பத்திரமாக வா, சீக்கிரம் வா.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
அப்பா
மாதவராஜ்.