காயாத சந்தனம்

செப்டம்பர் 29, திங்கள்

பூன் லேயில் மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து தோ பாயோ வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாவாடை ஓரமெல்லாம் சேறு. குளித்துவிட்டு, தேநீர் போட்டுக்கொண்டு அவர் அறையில் போய் உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு ஒரு வீடியோ, அதற்கு மேல் பார்ப்பதில்லை. நிறையப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்று ஒரு பயம். பைத்தியக்காரி, வீடியோ தீருமா என்ன?

இன்று ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை வீடியோ. என் பிள்ளை ரித்திக், அப்போது சின்னவன், பல் விழுந்த வாயோடு ஓடுகிறான். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சி தின்கிறேன். அவர் எதிலும் இல்லை, எடுத்தது அவர்தானே. குரல் மட்டும் வருகிறது: "கண்மணி, இங்க பாரு. சும்மா பாரு லா, காசா பணமா?"

போனில் இருந்த அவருடைய குரல் செய்திகளெல்லாம் போன் மாற்றியபோது போய்விட்டன. என் புருஷன் சின்னராசு இந்த வீட்டில் இத்தனை வருஷம் வாய் ஓயாமல் பேசியதில் மிச்சம் இருப்பது இந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதுதான். மார்ச்சில் அவர் போனதிலிருந்து ரித்திக் சொல்லிக்கொண்டே இருக்கிறான், இன்னொண்ணுல ஏத்தி வை மா, ஏத்தி வை மா என்று. ஏற்ற வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. வேலையிடத்தில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு மாலை போட்டுச் சந்தனம் வைத்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. வீட்டில் துக்கம் என்று தெரிந்தவர்கள். வருஷம் திரும்பும் வரை எனக்குப் பூஜையும் இல்லை, பண்டிகையும் இல்லை. விளக்கு ஏற்றுவதோடு சரி.

நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் ரித்திக் ராணுவக் கேம்ப்பிலிருந்து வந்து, துவைத்து வைத்த சீருடையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பிள்ளையைப் பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

ஹார்ட் டிஸ்க் வரவில்லை.

செருகினால் 'டிங்' என்கிறது. எட்டிப் பார்ப்பதற்குள் இன்னொரு 'டிங்', காணோம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வேறு துளையில் செருகினேன். வேறு ஒயர் மாற்றினேன். டிஸ்க்கை மானிட்டருக்குப் பின்னால் ஒட்டுப்பட்டி போட்டு ஒட்டி வைத்திருக்கிறார் மகராசன், மேஜை சுத்தமாக இருக்க வேண்டுமாம். கண்ணால் பார்க்க முடியாது, கையால் தடவித்தான் செருக வேண்டும். தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. ஒயரைப் பிடுங்கி வெகு நேரம் கழித்துத் தொட்டேன். அப்போதும் அதே சூடு. காய்ச்சல் இல்லாத ஆளின் கையைத் தொட்டது போல.

அறையில் என்னமோ வாசனை. பக்கத்து வீட்டு ஊதுபத்தியாக இருக்கும்.

அக்டோபர் 4, சனி

ரித்திக் வந்தான். பூட்ஸைக் கூடக் கழற்ற விடாமல் இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தேன். என்னென்னவோ திறந்து பார்த்தான். டிஸ்க் தெரிகிறது, மறைகிறது. ஒரு தடவை, இதை ஃபார்மேட் செய்யட்டுமா என்று திரையில் கேட்டது. "எதையாச்சும் அமுக்கித் தொலைச்சிராதடா" என்று கத்தினேன்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா மா? ஃபார்மேட் பண்ணா எல்லாம் போயிரும்னு எனக்குத் தெரியாதா? ரிலாக்ஸ் லா."

பிறகு டிஸ்க்கைப் பிய்த்துக் கையில் எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "மா, நீ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். என்னடா என்றேன். ஒண்ணுமில்ல, தூசி என்று சட்டையில் துடைத்தான். அப்புறம் சாப்பிடும்போதும் சரியாகப் பேசவில்லை. திட்டியது உறைத்துவிட்டது போல. பாவம், அவனுக்கும் அப்பாதானே.

அக்டோபர் 7, செவ்வாய்

உடனே எழுதிவிட வேண்டும்.

வேலையிலிருந்து வந்து கதவைத் திறக்கிறேன். வெயில் இன்னும் கூடத்தில் கிடக்கிறது. உள்ளே அவர் பேசுகிறார்.

"கண்மணி, இங்க பாரு. சும்மா பாரு லா."

பையை அப்படியே போட்டுவிட்டேன். பயந்தேனா? இல்லை. ஓடினேன். அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. என்னங்க, என்னங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே ஓடுறேன், ஏதோ அவரு உள்ள உக்காந்திருக்கிற மாதிரி.

திரையில் ஈஸ்ட் கோஸ்ட். நான் முகம் சுளித்தபடி உறைந்து நிற்கிறேன். 'டிங்' என்றது, எல்லாம் போயிற்று. நாற்காலி மட்டும் மெல்ல ஒரு பக்கம் திரும்பியது. நான்தான் இடித்திருப்பேன்.

காலையில் கம்ப்யூட்டரை அணைக்க மறந்திருக்கிறேன். ஒயரும் செருகியபடியே இருந்தது. டிஸ்க் தானாக இணைந்து, விட்ட இடத்திலிருந்து ஓடியிருக்கும். அப்படித்தான் இருக்கும், வேறென்ன.

ஆனால் அந்த வாசனை ஊதுபத்தி இல்லை. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம்.

அக்டோபர் 9, வியாழன்

இன்றும் அவர் குரல். கதவைத் திறக்கும்போதே. வேண்டுமென்றேதான் அணைக்காமல் போனேன், பொய் எதற்கு? டிஸ்க் இப்படி வந்து வந்து போனால் ஒரு நாள் வராமலே போய்விடும் என்று புத்திக்குத் தெரிகிறது. மனசு கேட்டால்தானே. சனிக்கிழமை ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

அக்டோபர் 11, சனி

ரித்திக்குக்கு இந்த வாரம் கேம்ப்பில் டியூட்டி. நானே சிராங்கூன் ரோட்டுக்குப் போனேன். தீபாவளிக் கூட்டம் நகர இடமில்லை. முறுக்குக்கும் புடவைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். நான் எதையும் பார்க்காமல், டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றி மாரோடு பிடித்துக்கொண்டு நடந்தேன். சந்துக்குள் மாடியில் அப்துல் கஃபார் பாயின் ரிப்பேர் கடை. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தவர் அவர்தான்.

லென்ஸை மாட்டிக்கொண்டு ஒயர் செருகும் ஓட்டைக்குள் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"சந்தனம் வச்சீங்களாக்கா? வருஷா வருஷம் சரஸ்வதி பூஜை முடிஞ்சா ரெண்டு மூணு பேரு இப்படித்தான் வருவாங்க. உங்க பூஜை முடிஞ்சாத்தான் எனக்குப் பெருநாள்."

"எங்க வீட்டுல இந்த வருஷம் பூஜை இல்ல பாய். அவரு மார்ச்சுல தவறிட்டாரு."

சிரிப்பு நின்றது. பிறகு ஊசியால் கிளறி, எடுத்ததைக் காகிதத்தில் தடவிக் காட்டினார். மஞ்சளாக, குழைவாக ஒட்டிக்கொண்டது.

"சந்தனம்தான்க்கா. ஈரம் உள்ள போனா இப்படித்தான், தன்னால வரும், தன்னால போகும். ஆனா பூஜை முடிஞ்சு பத்து நாளாச்சு. காஞ்சு உதிர்ந்திருக்கணும். இது இப்பக் குழைச்ச மாதிரி இருக்கு." மறுபடி லென்ஸில் பார்த்தார். "வீட்டுல வேற யாராச்சும் வச்சிருப்பாங்க."

என் புருஷன் வழக்கம் அது. கேமரா, கீபோர்டு, இந்த டிஸ்க், எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் சந்தனம் வைப்பார். ஓட்டைப் பக்கம் வைக்காதீங்கன்னு நான் கத்துவேன். வேண்டுமென்றே அங்கேதான் வைப்பார்.

பஸ்ஸில் வரும்போதுதான் விளங்கியது. ரித்திக். பூஜையன்று நான் இல்லாத நேரம் வந்தானே. அம்மாவுக்குத் தெரிந்தால் துக்க வீட்டில் இதென்ன என்று சத்தம் போடுவாள் என்று, அப்பா செய்ததை யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறான். போன சனிக்கிழமை அதைக் கையில் எடுத்ததும் அவன் முகம் போன போக்கு இப்போதுதானே புரிகிறது. என் தங்கம். தான் வைத்த சந்தனம்தான் அப்பா குரலைத் தின்னப் பார்த்தது என்று தெரிந்தால் உடைந்துபோவான். உயிர் போனாலும் சொல்ல மாட்டேன். கேட்டால் ஒயர் கோளாறு.

பாய் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார். ஒரே மூச்சில் புது டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள், நடுவில் போட்டுப் பார்க்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். சர்க்யூட் கொஞ்சம் அரித்திருக்கிறதாம். இன்னொரு தடவை படுத்தால் எழுந்திருக்குமா என்று அவருக்கே தெரியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு ஏறியது என்று காட்டும் பச்சைக் கோடு ஊர்கிறது. பக்கத்தில் புது டிஸ்க், பளபளவென்று, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

மத்தியானம் கோடு நின்றுவிட்டது. அசையவே இல்லை. பழையதைத் தொட்டால் கொதிக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "இருங்க, கொஞ்சம் இருங்க, இன்னும் கொஞ்சந்தான், போயிராதீங்க" என்று கையை அதன் மேலே வைத்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமோ. பாய் ஆல்கஹால் போட்டுத் துடைத்துக் கொடுத்த டிஸ்க்கிலிருந்து மறுபடி சந்தனம் மணத்தது. கோடு நகர்ந்தது.

சாயங்காலம் எல்லாம் ஏறிவிட்டது. ஒன்று கூட விடுபடவில்லை. ஒயரைக் கழற்றினேன். விரலில் ஒட்டியதைக் கழுவிவிட்டேன்.

விரலில் என்ன ஒட்டியது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்றுதான் கழுவினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இல்லை. எதிர்வீட்டு நஃபீசா, துக்க வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது என்று தெரிந்து, நெய்ச்சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ரித்திக்குக்கு விடுமுறை. இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு, புது டிஸ்க்கில் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். அவன் நன்றாகச் சிரித்தான். அப்பா குரல் தெளிவா இருக்குல்ல மா என்றான்.

பிறகு கேட்டான்: "பழசு ஏன் மா கெட்டுச்சு? பாய் என்ன சொன்னாரு?"

"ஒயருதான். பழைய ஒயரு."

தலையை ஆட்டினான்.

"மா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. எனக்குத் தெரியும் மா. நீ பூஜை அன்னைக்கு அதுக்குச் சந்தனம் வச்சிருக்க. மூணு பொட்டு, அப்பா வைக்கிற மாதிரியே. அன்னைக்குக் கையில எடுத்தப்பப் பாத்தேன். நான்தான் துடைச்சுட்டேன். கேட்டா நீ அழுவ, அதனாலதான் கேக்கல. உன்னாலதான் கெட்டுச்சுன்னு நினைச்சுக்காத மா, ஓகே?"

எனக்குக் காதில் 'ஙொய்' என்றது.

"நீ வைக்கலையாடா?"

"நானா? நான் அன்னைக்கு ரூமுக்குள்ளயே போகல மா. துணிய எடுத்துட்டு ஓடிட்டேன், டாக்சி கீழ நின்னுச்சு."

நான் எழுந்து போய்ச் சாமி அலமாரியைத் திறந்தேன். சந்தன டப்பா மூலையில், தூசி படிந்து இருந்தது. மூடி வரவில்லை, அவன்தான் கத்தி வைத்து நெம்பினான். உள்ளே தூள் இறுகிக் கட்டியாகக் கிடந்தது. அவர் போன பிறகு யாரும் தொடவில்லை. விரலால் கீறிப் பார்த்தான், பெயரவில்லை.

இரண்டு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ராணுவத்துக்குப் போகிற பிள்ளை, கை சில்லிட்டிருந்தது.

"மா, உனக்குப் பயமா இருக்கா?"

"இல்லடா" என்றேன். உண்மையாகவே இல்லை.

நவம்பர் 5, புதன்

புதியதிலிருந்து ரித்திக் தனக்கும் ஒன்று ஏற்றிக்கொண்டான். குரல் பத்திரம். இனி தீயே பிடித்தாலும் போகாது. பழையதை என்ன செய்வது என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மானிட்டருக்குப் பின்னால், அவர் ஒட்டிய இடத்திலேயே ஒட்டி, ஒயரையும் செருகிவிட்டேன். கம்ப்யூட்டரை அணைக்காமல்தான் வேலைக்குப் போகிறேன். வீடியோ எதையும் திறந்து வைப்பதில்லை, பேசினால் அவராகப் பேசட்டும்.

சாயங்காலம் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நிற்கிறேன். இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை. நானாகத்தான், "வந்துட்டேங்க" என்றேன்.