மூன்று முறை பிரித்த தையல்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருக்கவேண்டும். இங்கே நாங்களும் அப்படித்தான் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை கண்ணு. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள், அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்கு வயிறு உப்புகிறது, நாலு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அது வாயு இல்லை. சூலகத்தில் புற்றுநோய்க் கட்டி. வயிற்றில் நீர் கோத்திருந்தது. அதற்கு எட்டு மாதமாக நான் வாங்கிக் கொடுத்தது தண்ணீரில் கரைக்கும் பொடியும் சப்பிச் சாப்பிடும் மாத்திரையும். பொடி நுரைக்கும்போதெல்லாம், "என்னை சோடா பாட்டிலாவே ஆக்கிட்டீங்க" என்பாள். மருந்துக்கடைக்காரர் ஒருநாள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, "அண்ணே, இது ரெண்டு மூணு நாளைக்குத்தான். மாசக்கணக்கா வாங்குறீங்க, அண்ணியை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி, தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்கிற மனுஷன் என்று இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த வாரம் வேறு கடையில் வாங்கினேன்.

வேறு யாராவது என்றால் தெரியாமல் செய்தார்கள் எனலாம். நான் தையல்காரன். அவள் நூலகத்து வேலைக்குப் போட்டுப்போகும் சுடிதார் சட்டையை இடுப்பில் மூன்று முறை பிரித்துவிட்டேன், அதே சட்டையின் கைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். இடுப்பு பெருக்கிற உடம்பில் கை ஏன் இளைக்கிறது என்று நாற்பது வருடம் டேப் பிடித்த எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எப்போதிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். அளவு நோட்டைத் திறந்து தேதிவாரியாகச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அறுவை சிகிச்சை. பெரிதாக நம்பிக்கை வைக்கவேண்டாம் என்று என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார்கள். அம்மாவுக்குக் கட்டி என்றுமட்டும் தெரியும், "அவகிட்ட சொல்லாதீங்க, வேலையை விட்டுட்டு ஓடிவருவா" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மீறிவிட்டேன். போன மாதம் உனக்கும் வயிறு உப்புகிறது என்றாயே, அம்மா இதே மாத்திரையைச் சொல்ல, நானும் பக்கத்திலிருந்து, "ஆமாம்மா, நல்லா கேக்கும்" என்றேன். அதைத் தூரப் போடு. டாக்டரிடம் போ, அம்மாவுக்கு வந்திருப்பது என்ன என்பதையும் சொல்.

நேற்று நீரை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையைப் போட்டுப் பார்த்தாள், தொளதொளவென்று தொங்கியது. "பாத்தீங்களா, வத்திடுச்சு, பழையபடி பிடிச்சுக் குடுங்க" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள். நான் பிரித்த மூன்று தையலின் ஊசித்துளைகளும் வரிசையாக அப்படியே இருக்கின்றன. சட்டை மெஷின்மேல் கிடக்கிறது.

நீ நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும். ஐந்தாம் தேதிக்கு முன்னால் வந்துவிடு. கிளம்புவதற்கு முன் உன் வயிற்றைக் காட்டிவிட்டு வா.

உன் அப்பா