துரைக்குப் பதினெட்டு டிகிரி

ஜாவா ஃபெர்ன் செடியைக் கருங்கல்லில் நூலால் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடைசிச் செடியையும் இறக்கிவிட்டால் தொட்டி முடிந்தது. ஈரப் பாசி வாடை கையில் ஏறிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்குள் கையை விடுவாயே, அதே வாடை. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. பாதி வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் அந்த ஆக்ஸலாட்டலை வாங்கிக்கொண்டு நாம் பஸ் ஏறியது ஞாபகம் இருக்கிறதா? நாலு கால், நீள வால், கழுத்தோரம் சிவப்பு இறகு மாதிரி செவுள், எப்போதும் சிரிக்கிற மூஞ்சி.

"இன்னாபா இது, பல்லியா மீனா?" என்றார் கண்டக்டர்.

"துரை சார். ஊட்டி கிளைமேட் இல்லன்னா கோச்சுக்குவாரு" என்றாய். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

தண்ணீர் பதினெட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது என்று கடைக்காரர் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாய். ஸ்ரீபெரும்புதூரில், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள நம் அறையில், சித்திரை வெயிலில்! ஐஸ் பாட்டில்களை மாற்றி மாற்றி மிதக்கவிட்டாய். கூழாங்கல்லை விழுங்கிவிடும் என்று மணலைச் சலித்துப் போட்டாய். இருந்த ஒரே டேபிள் ஃபேனையும் தொட்டிப் பக்கம் திருப்பினாய். பாயெல்லாம் வியர்வையில் நனைய, நான் கத்தினேன்.

"உனக்கு வாய் கீதுடா, புழுங்குதுன்னு கத்துற. அதுக்கு கீதா? நாமதான் பாத்துக்கணும்."

உனக்கும்தான் வாய் இருந்தது. ஒரகடம் கம்பெனியில் ஃபர்னஸ் பக்கத்தில் நின்றவனுக்கு ஒரு ஃபேன் கேட்க அந்த வாய் ஏன் வரவில்லை? ரிப்பேர் என்று கழற்றிக்கொண்டு போனவர்கள் திரும்ப மாட்டவே இல்லை. நான் சண்டை போட்டபோதெல்லாம், "கேட்டா கான்ட்ராக்ட்ட முடிச்சுடுவானுங்க, வுடுறா" என்றாய். அன்றைக்கு ஓவர்டைமில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்தேன். கொதித்தது. துரைக்குப் பார்த்துப் பார்த்துச் செய்த மடையா, உன்னை யார் பார்த்தார்கள்?

"அவருக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்ல போல" என்றார் சூப்பர்வைசர். உன் போட்டோவுக்கு மாலை போட்டார்கள். மறுநாள் எங்களுக்கெல்லாம் மோர் வந்தது. நான் தொடவில்லை. ஃபேன் இன்னும் வரவில்லை. உன் இடத்தில் இப்போது என்னை நிறுத்தியிருக்கிறார்கள்.

துரை நன்றாக இருக்கிறார். வெளிச்சம் ஆகாதவருக்கு ஒளிந்துகொள்ள மண்சட்டி ஒன்றை உடைத்துக் கவிழ்த்திருக்கிறேன். தண்ணீர் பதினெட்டில் நிற்கிறது. தொட்டிக்குப் புதுத் தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன். நீ வாங்கிய பழையதை நேற்று வேலைக்குக் கொண்டுபோய் ஃபர்னஸ் பக்கத்துத் தூணில் கட்டினேன். சிவப்புக் கோடு விறுவிறுவென்று ஏறி உச்சியில் முட்டிக்கொண்டது. மீன் தொட்டிக்குச் செய்தது. அதற்கு மேல் அதில் எண் கிடையாது.

"இன்னாபா இது? கழட்டு" என்றார் சூப்பர்வைசர்.

"ஃபேன் வரட்டும் சார், கழட்டுறேன்" என்றேன், லைன் முழுக்கக் கேட்கும்படி.

அவரே பிடுங்கி என் கையில் திணித்தார். என்னை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்னவோ, தெரியாது. அது இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. நாளைக்கும் அதே தூணில் கட்டுவேன். எனக்கு வாய் கீதுடா.