படத்துக்கு லயம் வைத்த பெயர்

நமுனுகுல,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மேனுஷா அப்பாவுக்கு,

யசோதினி எழுதுகிறேன். நானும் பிள்ளையும் மாமாவும் நல்ல சுகம். உங்கள் சுகத்தை மாரியம்மனிடம் ஒப்படைத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனைப் பாதி நேரம் மேனுஷா பிடுங்கிக்கொள்கிறாள், மீதி நேரம் சிக்னல் போய்விடுகிறது. லீவில் வந்த மர்ஸூக் மறுபடி கட்டார் வருகிறார். அவர் கையில் மாசிச் சம்பலும் இந்தக் கடிதமும் தந்துவிட்டேன். சம்பலைக் கண்டதும் கடிதத்தை மறந்துவிடாதீர்கள்.

மாமா முழங்காலைப் பண்டாரவளையில் காட்டினார். டாக்டர் படி ஏறக்கூடாது என்றாராம். மலைச்சரிவில் வரிசை வீடாகக் கட்டின நம் லயத்தில் படி ஏறாமல் கக்கூசுக்குக்கூடப் போக முடியாது என்று மாமா அவரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கொழுந்து நன்றாக வருகிறது.

இனி உங்கள் படக் கணக்கு. டீவியும் டெக்கும் வாடகைக்கு விட்ட காலத்திலிருந்து நீங்கள் சேர்த்த படத் தட்டுகளை எல்லாம் லெப்டொப்பில் பட்டியலாகப் பதிந்துவிட்டேன். என்ன சட்டங்கள் போட்டீர்கள்! உறையில் இருக்கும் பெயரை நம்பாதே, திரையில் வரும் பெயரைப் போடு. தெலுங்குப் படமானால் தமிழ்ப் பெயரில் போடு. ஒரே பெயரில் இரண்டு படம் வந்தால் வருஷத்தைப் பக்கத்தில் எழுது. இரண்டாம் பாகத்தை முதல் பாகத்துக்குக் கீழே வை. ஒரு படத்துக்கு ஒரு பெயர்தான். காலைப் பெரட்டில் நின்று துரை வேலை பிரித்துக் கொடுப்பது மாதிரி இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், முதல் சட்டம் நல்ல சட்டம். ஒரு சாமி படத்து உறைக்குள் பேய்ப்படம் இருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு மாமாவுக்கு அதைப் போட்டிருப்பேன்.

மண்டபத்தில் ஞாயிறு மத்தியானம் படம் போடலாமா என்று கேட்டேன், தோட்டத் தலைவரும் சம்மதித்தார். முதல் வாரமே மானம் போய்விட்டது. ரெங்கம்மா அக்கா வந்து, அவர் மகளுடைய சடங்குப் படத்தைப் போடச் சொன்னார். வடிவேல் அண்ணன் கேட்டது வேலைநிறுத்தத்தின்போது பார்த்த படம். இன்னொருவர் கேட்டது கரண்ட் வந்த வருஷம் பார்த்த படம். பெயரைச் சொல்லி ஒருவர்கூடக் கேட்கவில்லை. லயத்தில் எந்தப் படத்துக்குத்தான் பெயர் இருந்தது? ஒரு வீட்டில் விசேஷம் என்றால் உங்களிடம் டீவியும் டெக்கும் எடுத்து எல்லோருமாகப் பார்ப்போம். அந்த விசேஷத்தின் பெயர்தான் படத்துக்கும். இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் இரண்டு பேருக்கும் சட்டம் போடும்போது ஞாபகம் வரவில்லை.

நான் ஒரு குத்துமதிப்பில் 'ஏழு வாசல் சிங்கம்' என்ற படத்தைப் போட்டேன். இரண்டாவது பாட்டிலேயே ரெங்கம்மா அக்கா எழுந்துவிட்டார். "இது எங்க படம் இல்லம்மா. எங்க படத்துல அண்ணங்காரன் ரயில்ல வருவான்" என்றார். உடனே மண்டபமே இரண்டாகப் பிரிந்தது. ரயிலில் வருவது அண்ணனில்லை மாமன் என்றார் ஒருவர், அது வேறு வீட்டுக் காதுகுத்துப் படம் என்றார் இன்னொருவர். படம் ஒரு பக்கம் ஓடுகிறது, பார்க்க ஆளில்லை. எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சண்டை போடுகிறார்கள். அத்தனை பேரும் ஒன்றாகச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

அதனால் உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன், கோபிக்க வேண்டாம். திரையில் வரும் பெயர் நீங்கள் சொன்னபடி முதலில் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, லயத்துப் பெயர் என்று தலைப்புக் கொடுத்தேன். கொழுந்து மலையில் தேத்தண்ணி குடிக்க உட்காரும்போது ஒவ்வொருவராகக் கேட்டு வந்து பதிந்தேன். ஒரே படத்தை வடிவேல் அண்ணன் தன் கல்யாணப் படம் என்கிறார், பக்கத்து வீட்டார் தங்கள் வீட்டில் பால் காய்ச்சின படம் என்கிறார்கள். இரண்டையும் போட்டேன். ஒரு படத்துக்கு ஒரு பெயர்தான் என்று நீங்கள் அங்கிருந்து கத்துவது எனக்குக் கேட்கிறது. கத்துங்கள்.

இப்போது கீழ்க்கணக்கு லயங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கையில் பெரிய போன் வைத்திருக்கும் பிள்ளைகள்கூட வந்து உட்காருகிறார்கள். பதுளையில் விசேஷங்களுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் கொடுக்கும் மொஹிதீன் நானா ஒருநாள் வந்து பார்த்தார். இப்போது எல்லோரும் பெரிய திரையும் கேட்கிறார்களாம், அந்த வேலை தெரிந்த ஆள் தன்னிடம் இல்லையாம். உங்களை விசாரித்தார். கட்டார் சம்பளம் தர முடியாது, ஆனால் மாதம் தவறாமல் வேலை இருக்கும் என்று சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. எல்லோரும் கேட்கிற ஒரு படத்தை மட்டும் நான் இன்னும் போடவில்லை. நீங்கள் வெளிநாடு போவதற்கு முதல் நாள் சாயந்தரம் லயத்துக்கே போட்டுக் காட்டினீர்களே, அந்தப் படம். அதற்கு இங்கே புவனேந்திரன் போன படம் என்று பெயர். நான் அதைப் பார்க்கவில்லை. குசினியில் அடுப்புப் பக்கத்தில் உங்கள் பெட்டியை அடுக்கிக்கொண்டு பாட்டை மட்டும் கேட்டேன். திரையில் வரும் பெயரைப் பதிந்துவிட்டேன். லயத்துப் பெயரை அடிக்கக் கை வரவில்லை. மேனுஷாதான் அடித்தாள். கேட்கிறவர்களிடம் தட்டு கீறிவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று போன கிழமை சொன்னீர்கள். என்ன செய்யட்டும் என்று கேட்டீர்கள். உங்கள் இஷ்டம் என்றேன். மேனுஷா பக்கத்தில் நின்றாள், அதனால் அப்படிச் சொன்னேன். என் இஷ்டம் அது இல்லை. கையெழுத்து வைக்காதீர்கள். இருக்கிறதைக் கொண்டு இங்கே பிழைத்துக்கொள்ளலாம், நானும் உழைக்கிறேன்.

நீங்கள் இறங்குகிற அன்று மண்டபத்தில் ஒரு படம் போட வேண்டும். எந்தப் படம் என்று நீங்களே சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் அதை லயம் என்ன பெயர் சொல்லிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தை நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

அம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
யசோதினி